சீட்டின் கடைசி வரி

ஸ்கேன் அறைக் கதவைப் பாதி திறந்து, ஒரு காகித மடிப்பை உலகநாதன் கையில் வைத்தாள் நர்ஸ். "அம்மா ஜாக்கெட்டுல இருந்துச்சுய்யா, ஸ்கேனுக்கு இரும்பு ஆகாது, வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி ஏற்கெனவே அவருடைய சட்டைப் பையில் இருந்தது, மனைவி செண்பகம் உள்ளே போகும்போதே கழற்றிக் கொடுத்தது. அது இல்லாமல் அவளுக்கு எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. தெரியாமலேதான் உள்ளே போயிருந்தாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். ஆறு ஊக்குகள். ஒரு ஊக்கு என்றால் சரி, பெண்பிள்ளைகள் ஆத்திர அவசரத்துக்கு வளையலில் ஒன்று மாட்டி வைப்பது உலக வழக்கம், ஆனால் ஆறு எதற்கு? கடை வைக்கவா? ஒன்றில் பச்சை நூல் சிக்கியிருந்தது. ஜாக்கெட் நூல். மகள் கோமதி வளைகாப்புக்குத் தைத்த பச்சை ஜாக்கெட், மூன்று வருஷம் இருக்கும், அப்போது தையல்காரர் பிடித்துத் தைத்துவிட்டார், கை தூக்க முடியவில்லை என்று இவள் குறைபட்டுக்கொண்டது. அந்த ஜாக்கெட்டுக்குத்தான் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கொசுவிப் பிடிக்க ஊக்கு. இன்று காலை கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரே சீட்டில் தோளோடு தோள் உட்கார்ந்து வந்தார். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். தோள் இடிக்கவில்லை என்று இப்போதுதான் படுகிறது. முன்பெல்லாம் இடிக்கும், கொஞ்சம் தள்ளி உட்காரேன் என்று இவர் சொல்வார், நான் எங்கே தள்ள, பஸ்ஸுக்கு வெளியேயா என்பாள். இன்று தாராளமாக இடம் இருந்தது. நல்ல சீட் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார் மனுஷன்.

ஊக்குகளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார், கண்ணாடியின் மேல் கீறல் விழும் என்று எடுத்தார், வேட்டி மடிப்பில் வைத்தார், குத்துமே என்று அங்கேயிருந்தும் எடுத்தார், கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை. அதற்குள் அவருடைய ஃபைல். அவருடையதுதான், அவளுக்கென்று ஃபைல் கிடையாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமாகப் பதினோரு வருஷச் சீட்டுகள், தேதிவாரியாகத் துளை போட்டு நாடா கட்டி அவர் கையாலேயே அடுக்கியது. பழைய சீட்டு இருந்தால் எல்லாம் கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கொண்டும் வந்தார். ஆனால் காலையில் பதிவு மேஜையில் அதை வெளியே எடுக்கவில்லை. படிவத்தில் நோயாளி பெயர் செண்பகவல்லி என்று எழுதினார், வயது என்ற இடத்தில் திகைத்து அவளைக் கேட்டார், ரத்த வகை என்ற இடத்தில் அவளைக் கேட்டும் பயனில்லை. தன் சர்க்கரை போன மாசம் எவ்வளவு, அதற்கு முந்தின மாசம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எத்தனை நாளாகத் தொந்தரவு என்று ஒரு வரி இருந்தது. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு மூன்று மாதம் என்று எழுதியது. பேனாதான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம். செண்பகம் எட்டிப் பார்த்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், நன்றாகத் தெரிந்திருக்கும், பேனா மூடியை எடுத்து நீட்டினாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உலகநாதன் கெட்டிக்காரருமில்லை, அவர் புளுகு மத்தியானம் வரைக்கும் தாங்கினால் பெரிது. பதினாலாம் நம்பர் அறையில் டாக்டர் கேட்பார். ஸ்கேன் முடிந்ததும் அங்கே போக வேண்டும். கேட்டால் அதே மூன்று மாதம். சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? நோய்க்கா தெரியும், தான் எப்போது வந்தோம் என்று வாய் திறந்து சொல்லவா போகிறது?

நோய் என்றுதான் இவர் நினைப்பில் ஓடுகிறது. இன்னொரு சொல் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த சொல், இந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பஸ் கண்டக்டர்கூட அந்தச் சொல்லைச் சொல்லித்தான் இறக்கிவிட்டார். இவர் வாயில் மட்டும் அது வரவில்லை. ஓசூரிலிருக்கும் கோமதிக்குப் போன் செய்தபோது அம்மாவுக்கு வயிற்றில் சின்னதாக ஒரு கட்டி என்றார். சின்னதாக என்று யாரும் இவரிடம் சொல்லவில்லை, இவராகச் சேர்த்துக்கொண்டது. குறைத்துச் சொல்வது கைப்பழக்கம். முப்பத்தியொரு வருஷம் மின்வாரியத்தில் வேலை, அதில் பாதிக்கு மேல் புகார்ப் பதிவேட்டு மேஜையில். ஜனங்கள் சாதாரணமாகவா புகார் சொல்வார்கள்? ஐயா, விளக்கு எரியுது ஆனா எரியல, ஃபேன் பாட்டுப் பாடிட்டே சுத்துது, எங்க மாமியார் டிவியப் போட்டா எங்க வீட்டுல இருட்டாவுது. அத்தனையையும் காதில் வாங்கி, பேனாவை ஒரு சுழற்று சுழற்றி, லோ வோல்டேஜ் என்று இரண்டு வார்த்தையில் முடிப்பார். பதிவேட்டில் ஒரு புகாருக்கு ஒரு வரிதான் இடம். வரியைத் தாண்டி எழுதுபவன் வேலை தெரியாதவன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை அரசாங்கச் சம்பளத்தில் செய்துகொண்டிருந்தார், அதில் பெருமையும் இருந்தது. உதவிப் பொறியாளர் ஒருவர், உலகநாதன் எழுதினால் லைன்மேன் கேள்வியே கேட்க மாட்டான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்னபோது செண்பகம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போ பேசுறவங்க சொல்லுறது முழுசையும் நீங்க கேக்கதே இல்லையா என்று திரும்பாமலே கேட்டாள். பாராட்டைச் சொன்னால் இப்படித்தான் கேட்பாள் என்று நினைத்தார். தோசை நன்றாக இருந்தது.

"இங்க ஆள் இருக்கா அண்ணாச்சி?" பையைக் காட்டி ஒருவர் கேட்டார், கையில் ஆரஞ்சு நிறப் படிவம், முகத்தில் தூக்கமில்லை. இருக்காங்க, உள்ள போயிருக்காங்க என்றார் உலகநாதன். வந்தவர் சுவரோரம் போய் நின்றார். பாவம், பையை மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் அவள் வரும்போது எங்கே உட்காருவாள்? அதுகூட இல்லை. காலியாக இருந்தாலும் அவளுடைய காலியாக இருக்கட்டும். நாற்பது பேர் இருந்த அந்த வராந்தாவில் அவரோடு பேச ஆள் இல்லை. இத்தனை வருஷமும் வெளியில் எங்கே போனாலும் பேச்சு இவருடையது, செண்பகம் ஓர் அடி பின்னால் நிற்பாள், இவர் பேசுவார். தான் பெரிய பேச்சுக்காரன் என்று நினைத்திருந்தார். பக்கத்தில் அவள் நின்றதால்தான் பேச்சு வந்திருக்கிறது. இப்போது டீ எங்கே கிடைக்கும் என்று ஒருத்தரைக் கேட்கக்கூட நா எழவில்லை. காலை மாத்திரை போட்டோமா? அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஊரில் மாசாமாசம் இவரைப் பார்க்கிற ஜெயசிங் டாக்டர் மேல் கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் நிற்கவில்லை. நல்ல மனுஷர். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுபது டோக்கன் பார்ப்பார், யாரையும் திட்ட மாட்டார். மாசம் பிறந்தால் உலகநாதன் டோக்கன் எடுப்பார், கூடவே செண்பகம் வருவாள், ஃபைலைத் தூக்கிக்கொண்டு. முக்காலியில் இவர் உட்காருவார், அவள் கதவோரம் நிற்பாள். சர்க்கரை, அழுத்தம், கால் எரிச்சல், மூச்சு எல்லாம் பார்த்து முடித்து, டாக்டர் பேனாவை மூடப் போகும்போது இவர் எழுந்துகொண்டே சொல்வார், அப்படியே இவளுக்கும் கொஞ்சம் வாய்வுத் தொந்தரவு, ஏதாச்சும் எழுதிருங்க டாக்டர். டாக்டரும் நிமிராமல் இவருடைய சீட்டின் அடியில் கோடு போட்டு, வொய்ஃப் என்று எழுதி, ஒரு மாத்திரை, காலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன். ஊரே அப்படித்தான். பேரனுக்குச் சளி என்று வந்து தாத்தாவுக்கு மூட்டு வலி மாத்திரை வாங்கிப் போவார்கள். அவளுக்கென்று இன்னொரு டோக்கன் எடுத்தால் அது அறுபத்தெட்டாவதாக வரும், ஒன்பது மணி வரை உட்கார வேண்டும், எனக்கென்ன, வாய்வுதானே என்று அவளே சொல்லிவிடுவாள். காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுவார்களே, கொசுறு, அந்த மாதிரி இவருடைய வியாதிக்கு அவள் வியாதி கொசுறாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கொசுறு ஒரு மாசமா, இரண்டு மாசமா? ஃபைலைப் பிரித்தால் தெரியும். பிரிக்க வேண்டாம். போன வாரம் ஒருநாள் மத்தியானம், அவள் படுத்திருந்தபோது, பிரித்துப் பார்த்தாகிவிட்டது. இருபத்திரண்டு சீட்டுகள். இருபத்திரண்டு கோடு, அதன் கீழே இருபத்திரண்டு வொய்ஃப். முதல் சீட்டு போன வருஷத்துக்கு முந்தின வருஷப் புரட்டாசி. அந்தச் சீட்டில் நினைப்பு போய் முட்டியது. முட்டிய இடத்திலிருந்து அதைத் திருப்பி வேறு பக்கம் ஓட்டினார்.

வேறு பக்கம் என்றால் சோறு. அவள் சாப்பாடு எப்போது குறைந்தது? நாலு இட்லி மூன்றாகி, இரண்டாகி, ஒன்றரையில் நின்றது. அவர் பார்க்காமல் இல்லை. சஷ்டி என்றாள், பிரதோஷம் என்றாள், வெள்ளிக்கிழமை என்றாள், பிறகு செவ்வாயும் சேர்ந்தது. தெருவில் கேட்டவர்களிடம், எங்க வீட்டுல பக்தி முத்திப் போச்சு என்று இவரே சொல்லிச் சிரித்தார். கடலைமிட்டாயென்றால் உயிர் அவளுக்கு. பிரிக்காத பொட்டலம் சமையல் அலமாரியில் பிசுபிசுத்துப் போய்க் கிடந்தது, பல்லு ஆடுது என்றாள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெருங்காயம் கரைத்த மோர், சோடா. ஒரு தடவை அவள் பின்பக்கம் போய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது, டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அசிங்கப்படுவாள் என்று நினைத்துத்தான் கூட்டினார். அப்படித்தானா? அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். இல்லை, செய்தி கேட்கவில்லை என்று கூட்டினார். யாரிடம் மறைப்பது, மண்டைக்குள் உட்கார்ந்திருப்பது இவர் மட்டும்தானே. இன்று காலை அந்த ஸ்கேன் தண்ணீர் ஒன்றரை லிட்டர், ஒரு மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். ஒரு மடக்கு குடிப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள், அடுத்த மடக்கு. குடி, குடி என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார், குழந்தைக்குச் சொல்வதுபோல. பாட்டிலைக் காலி செய்து கையில் கொடுத்துவிட்டு, இனி ஒரு வாரத்துக்குத் தண்ணி வேண்டாம் போங்க என்று சிரித்தாள். இங்கே வந்தும் சிரிக்கிறாள். இவள் சிரித்துச் சிரித்தேதான் எல்லாம் இப்படி ஆயிற்று என்று ஒரு கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது.

ஜெயசிங் டாக்டர் மகள் கல்யாணத்துக்குப் போன பத்து நாள் இல்லாவிட்டால் இன்றும் வாய்வுதான். அவர் நாற்காலியில் ஒரு சின்ன லேடி டாக்டர் உட்கார்ந்திருந்தாள், கோமதியைவிட இளையவள். வழக்கம்போல இவரைப் பார்த்து முடித்தாள், வழக்கம்போல எழுந்துகொண்டே இவர் கொசுறு கேட்டார். அந்தப் பெண் எழுதவில்லை. நிமிர்ந்து கதவோரம் பார்த்தாள். அம்மா, நீங்க இங்க வந்து உக்காருங்க என்றாள். இல்ல, அவளுக்குச் சும்மா வாய்வுதான் என்று இவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். ஐயா, நீங்க ஒரு நிமிஷம் வெளிய இருங்க என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையிலிருந்து முதல் தடவை வெளியே அனுப்பப்பட்டவர் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. உள்ளே செண்பகத்தின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை, ஆனால் பேசிக்கொண்டே இருந்தாள், நிறுத்தாமல், இத்தனை நீளமாகப் பேச அவளுக்கு விஷயம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. இருவரும் வெளியே வந்தபோது, கீழ் இமை வெளிறியிருக்கிறது, வயிற்றில் கைக்கு ஏதோ தட்டுப்படுகிறது, நாளைக்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் இவரிடம் சொன்னாள். கடைசியில், இத்தனை நாளும் ஏன் காட்டலை என்று கேட்டாள். காட்டிக்கிட்டுத்தானே இருந்தோம் என்றார் இவர். அவளுடைய பார்வை இவருடைய சீட்டில் போய் நின்றது. உள்ளே என்ன சொன்னாய் என்று செண்பகத்திடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள் என்கிற பயம்தான்.

திருப்பித் திருப்பி ஓட்டினாலும் செக்குமாடு எங்கே போகும்? புரட்டாசிக்குத்தான் வந்தது. அன்றைக்கு முதல் தடவை. முக்காலியிலிருந்து எழுந்து இவர் வாய்வு என்று சொல்லிவிட்டார். டாக்டரும் கோடு போட்டுவிட்டார். அப்போது கதவோரத்திலிருந்து செண்பகம் ஓர் அடி முன்னால் வந்தாள். வரவே மாட்டாள், அன்றைக்கு வந்தாள். "இல்ல டாக்டர், வாய்வு மாதிரி இல்ல, சாப்ட்டு எந்திரிச்சா இங்கன ஒரு கல்லு உக்காந்துருக்காப்ல இருக்கு" என்று நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்தாள். டாக்டர் பேனாவைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்தார், அது நிச்சயம். அடுத்து ஒரு கேள்வி கேட்டிருப்பார். அதற்குள் உலகநாதனுக்கு நகைச்சுவை பொங்கியது. அரிசியில கல்லு பொறுக்காமச் சமைச்சா வயித்துல கல்லு உக்காராம என்ன செய்யும் டாக்டர் என்றார். டாக்டர் சிரித்தார். கம்பவுண்டர் சிரித்தார். வெளியே அடுத்த டோக்கன்காரர்கூடச் சிரித்தார். செண்பகமும் சிரித்தாள், கையை எடுத்துவிட்டு, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. டாக்டர் மாத்திரையை எழுதி முடித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது, நல்லாச் சொன்னேன்ல என்று இவர் கேட்டார். நல்லாத்தான் சொன்னீங்க என்றாள். அதற்குப் பிறகு இருபத்தியொரு மாசம் அவள் கதவோரத்தைவிட்டு முன்னால் வரவில்லை. இவ்வளவுதான். இந்த ஓர் இடத்தைத் தொடாமல் இருக்கத்தான் காலையிலிருந்து மின்வாரியத்தையும் கடலைமிட்டாயையும் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சுருக்கென்றது. ஓர் ஊக்கு திறந்துகொண்டிருந்தது. அதை மூடிப் பூட்டினார். பூட்டுகிற சின்னச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. அழுகை வந்தது. எதிரே நின்ற படிவக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், நல்லவர்.

கதவு திறந்து செண்பகம் வந்தாள், சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு, சுவரைத் தடவியபடி. உலகநாதன் எழுந்து போய்க் கண்ணாடியைப் போட்டுவிட்டார், காதுக்கு மேல் சரியாக உட்காரவில்லை, அவளே சரிசெய்துகொண்டாள். காகித மடிப்பை நீட்டினார். அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. நர்ஸு உங்க கைல குடுத்துட்டாளா என்று கேட்டாள், வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், பெறவு பிடிச்சுக்கிடுதேன் என்றாள். மாத்திரை போட்டீங்களா என்றும் கேட்டாள். போடவில்லை என்றார். பதினாலாம் நம்பர் அறை நாலு கதவு தள்ளி. உள்ளே இளம் டாக்டர் ஒருவர், படிவத்தைப் பார்த்தபடியே இருவரையும் உட்காரச் சொன்னார். ஒரு முக்காலியும் ஒரு நாற்காலியும் இருந்தன. பழக்கத்தில் முக்காலியை நோக்கிப் போன உலகநாதன் நின்று, அவளை உட்கார்த்தினார். மூணு மாசம்னு போட்டிருக்கு, சரிதானா, எப்ப ஆரம்பிச்சுது, எப்படி ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியணும், நீங்க சொல்லுங்கம்மா என்றார் டாக்டர். செண்பகம் திரும்பி உலகநாதனைப் பார்த்தாள். அவங்க சொல்லுவாங்க என்றாள். நீ சொல்லு என்றார் இவர். வாய்க்குள்ளேயே போயிற்று, இன்னொரு தடவை சொன்னார். அவள் டாக்டர் பக்கம் திரும்பி, மடியில் கையை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் வாய்வுத் தொந்தரவு டாக்டர். ஒரு மூணு மாசமாத்தான்."

தன் வார்த்தையும் தன் பொய்யும் ஒன்றாக அவள் வாயிலிருந்து வருவதை உலகநாதன் கேட்டார். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்பதும் புரிந்தது. டாக்டர் எழுதத் தொடங்கியிருந்தார். இவர் பையைத் திறந்து, ஃபைலை எடுத்து, நாடாவை அவிழ்த்தார். அவர் கட்டிய முடிச்சுதான், அவிழ நேரமாயிற்று. அந்த முதல் புரட்டாசிச் சீட்டைத் தேடி எடுத்து டாக்டர் பக்கம் திருப்பி வைத்து, அடியில் விரலை வைத்தார்.

"இது என் சீட்டு டாக்டர். கடைசி வரி மட்டும் இவளோடது. இதுலருந்து இருபத்திரண்டு மாசம், எல்லாத்துலயும் இருக்கும். வாய்வுன்னு சொன்னது நாந்தான், இவ சொல்லல."

டாக்டர் முதல் சீட்டைப் பார்த்தார், அடுத்ததை, அதற்கடுத்ததை. பத்து, பன்னிரண்டு சீட்டுக்கு மேல் புரட்டாமல் நிறுத்திக்கொண்டார். படிவத்தில் மூன்று மாதம் என்பதை ஒரு கோட்டால் அடித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கச் சொல்லி, அவசரமில்லைம்மா, மொதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே சொல்லுங்க என்றார். செண்பகம் முந்தானை முடிச்சை விரலால் நெருடினாள். பிறகு வலது கையை எடுத்து நெஞ்சுக்குழிக்குக் கீழே, அதே இடத்தில் வைத்தாள். சாப்ட்டு எந்திரிச்சா இங்கன ஒரு கல்லு, என்று சொல்லி நிறுத்தி, உலகநாதனைத் திரும்பிப் பார்த்தாள், சிரிக்கிறாரா என்று.